இதர வருமானம்

எங்கள் குடியிருப்பின் செயலாளர் அர்த்தநாரி
முப்பது வருஷம் பஞ்சாலை டைம் ஆபீசில் இருந்தவர்.
சங்கு ஊதி ஒரு நிமிஷம் கழித்து வந்தவனுக்கு
அரைநாள் கூலி போன கதையை
அவரே சொல்வார், சிரித்துக்கொண்டு.
மில்லை மூடியபோது
அந்தச் சங்கை யார் எடுத்துப் போனது என்று
சரவணம்பட்டியில் எங்கள் நாற்பது வீட்டுக்கும் தெரியும்.

காலை ஆறுக்கு வாட்ஸப்பில் வந்து விழும்:
பால்கனியில் பாய் காயப்போடாதீர்.
மூன்றாம் மாடியில் கருவாடு வறுத்தது யார்?
சி பிளாக் செருப்புகள் வாசல் தாண்டி நான்கு அங்குலம்.
டேப் பிடித்து அளந்த படமும் கூடவே.

ஆடிக்காற்று கணவாய் தாண்டி வந்து
எல்லா ஜன்னலையும் அறைந்து சாத்திய நாளில்
லிஃப்ட் பக்கம் லேமினேட் செய்த தாள் ஒன்று:
வேலையாட்கள் படியில் ஏறவும்.
மீறினால் இருநூறு. வீட்டுக்காரர் கட்ட வேண்டும்.

கீரணத்தத்திலிருந்து மயிலாத்தாள் வருகிறாள்.
இடது முழங்காலில் நீர் கோத்திருக்கிறது.
நான்காம் மாடிக்கு அறுபத்தெட்டுப் படி.
நான் எண்ணியதில்லை. அவள் சொன்னாள்.

போய்க் கேட்டேன்.
"அம்மிணி, ஒருத்தருக்கு உட்டா ஊருக்கே உடோணுமுங்க."
"உடுங்" என்றேன்.
"நீங்களுந்தான் கட்டவெரல் போட்டிருக்கறீங்க"
என்று போனைத் திருப்பிக் காட்டினார்.
பதினேழு பேரில் ஆறாவது நான்.
பாதி படிக்கையில் குக்கர் கூப்பிட, போட்ட விரல்.

மறுநாள் அவளோடு லிஃப்டில் ஏறினேன்.
கண்ணாடியில் முதுகு படாமல்
பையைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்றாள்.
கேமரா பார்த்தது. சாயங்காலம் அவர் வந்தார்.
இருநூறைக் கொடுத்து ரசீது கேட்டேன்.
"எதுக்குங்?"
"காரணத்தையும் எழுதிக் குடுங்க."
முத்து முத்தான மில் கையெழுத்து:
மயிலாத்தாளுடன் லிஃப்டில் ஏறிய வகையில்.

பதினோரு நாள், பதினோரு ரசீது.
வீட்டில் தக்காளி விலை ஏறிவிட்டது என்று பொய் சொன்னேன்.
எட்டாவதில் அவள் பெயர் வெறும் 'ம' ஆகியிருந்தது.
"முழுப் பேருங்" என்றேன்.
பேனாவை உதறிவிட்டு எழுதினார்.

இதற்கு நடுவில் ஒரு ராத்திரி
இரண்டரை மணிக்குப் பில்லூர்த் தண்ணி வந்தது,
எட்டு நாள் கழித்து.
எட்டிப் பார்த்தேன்.
லுங்கியை மடித்துக் கட்டி, டார்ச்சைப் பல்லில் கடித்து,
சம்ப் வாயில் குப்புறப் படுத்து
வால்வைத் திருகிக்கொண்டிருந்தார், தனியாக.
காலையில் அந்தத் தண்ணீரில்தான் காபி.
கோபம் ஆறவில்லை.
அதைத் தூக்கி நடக்கத்தான் கொஞ்சம் சங்கடமாயிற்று.

பொதுக்குழுவில் பொருளாளர் சம்பூரணம் கணக்கு வாசித்தாள்.
ஜெனரேட்டர் டீசல். தொட்டி கழுவிய கூலி.
இதர வருமானம் இரண்டாயிரத்து இருநூறு.
"அதென்னங்க இதரம்?" கடைசி வரிசையிலிருந்து யாரோ.
அடிக்கட்டையைப் புரட்டி
ஒவ்வொன்றாக வாசித்தாள், தேதியோடு.
மயிலாத்தாளுடன் லிஃப்டில் ஏறிய வகையில்.
மயிலாத்தாளுடன் லிஃப்டில் ஏறிய வகையில்.
நாலாவதில் யாரோ சிரித்தார்கள்.
ஏழாவதில் அதுவும் நின்றது.
எங்கள் கூட்டத்தில் அதுவரை யாரும் சொல்லாத பெயர்.
அர்த்தநாரி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.
வாக்கெடுப்பு ஒன்றும் நடக்கவில்லை.
போண்டா வந்தது, சாப்பிட்டோம்.

தாள் இன்னும் அங்கேதான், ஒரு மூலை பெயர்ந்து.
அபராதம் கேட்பதுதான் நின்றிருக்கிறது.
நேற்று மயிலாத்தாள் தனியாக ஏறியிருக்கிறாள்.
உள்ளே ப்ளீச்சிங் பவுடர் மூட்டையோடு அவர்.
"என்ன சொன்னாரு?"
"ஒண்ணுமில்லீங். நாலுதானேன்னு கேட்டுப்போட்டு
அவரே அமுக்குனாரு.
அப்பறம் வாச்சைப் பாத்துட்டு
ரெண்டு நிமிசம் லேட்டுன்னாருங்."